அகராதிக்கு ஆள் தேவை

"உங்களுக்குத்தான் சார் இந்த வேலை. மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கு," என்றார் பக்கத்து நாற்காலிக் கண்ணாடிக்காரர்.

புரூஃப் ரீடர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பதினோரு மாதமாக அந்த முகத்தைப் பார்த்து யாரும் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. வேலை பார்த்த அச்சகத்தை மூடிய பிறகு, அவர் முகத்தைப் பார்த்தவர்கள் எல்லாம் உடனே கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

அகராதி அலுவலகத்தின் காத்திருப்பு அறை அது. 'பேச்சுவழக்குச் சொற்களுக்கு உதவி ஆசிரியர் ஒருவர் தேவை' என்ற விளம்பரத்தைப் பார்த்து ஒரு கூட்டமே வந்திருந்தது. புரூஃப் ரீடருக்குக் கிடைத்த நாற்காலிக்கு மூன்று கால். தன்னுடைய இரண்டையும் சேர்த்து ஐந்து காலில் சமாளித்துக்கொண்டிருந்தார்.

இது தப்பினால் நாளைக் காலை ஒன்பது மணிக்கு மச்சினன் பெயின்ட் கடையில் நிற்க வேண்டும். மச்சினன் நல்லவன்தான். ஆனால் வாடிக்கையாளர் முன்னால், "எங்க மாமா ரொம்பப் படிச்சவரு. மாமா, அந்த டப்பாவை எடுங்க," என்பான்.

எதிரே டை கட்டிய ஒருவன் செல்போனில் அறை முழுக்கக் கேட்கிற மாதிரி ஆங்கிலம் பேசிக்கொண்டிருந்தான்.

"யாரு சார் அது?" என்றார் கண்ணாடிக்காரர்.

"யாரா இருந்தா என்ன, ஓவரா சீன் போடுறான்."

"சீனா? நாடகத்துல ஒரு காட்சி, இல்லேன்னா சம்பவம் நடந்த இடம். அகராதியில அவ்வளவுதானே இருக்கு? அதை எப்படி சார் போடுறது?"

"அட, பந்தா பண்றான்னு அர்த்தம் சார். நீங்க எந்தக் காலத்துல இருக்கீங்க?"

டை கட்டியவன் போனை வைத்தான். "யோவ், யாரைச் சொல்ற? உனக்கெல்லாம் இங்க வேலை கிடைக்கிற சீனே இல்ல."

அறை சிரித்தது. புரூஃப் ரீடருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம். "கேட்டீங்களா! இங்க சீன்னா வாய்ப்பு!" என்று துள்ளினார். நாற்காலியும் துள்ளியது.

அப்புறம் அறையே பற்றிக்கொண்டது. மூலையிலிருந்த ஒரு பெண், "எங்க மாமியார் டிவியைப் போட்டு உடைச்சப்ப வீட்ல பெரிய சீன் ஆயிடுச்சு," என்றாள். "அது ரகளை," என்றார் புரூஃப் ரீடர். வாசல் பக்கம் நின்றவர், "அந்த ஹோட்டல் ஒண்ணும் அவ்வளவு சீன் இல்ல," என்றார். "அது பிரமாதம்!" "சாயங்காலம் என்ன சீன்?" "அது திட்டம்!"

எல்லார் மடியிலும் சான்றிதழ் ஃபைல் இருந்தது. கண்ணாடிக்காரர் மடியில் மட்டும் துண்டுச் சீட்டுகளும் ஒரு பென்சிலும். "இன்னொரு தடவை சொல்லுங்க சார், மெதுவா," என்று கேட்டுக் கேட்டு எழுதினார்.

போட்டிக்கு வந்தவனுக்கே வாரி வழங்குகிறோமே என்று புரூஃப் ரீடருக்கு ஒரு நிமிஷம் உறைத்தது. பாவம், ஃபைல்கூட இல்லாமல் வந்திருக்கிறார், பிழைத்துப் போகட்டும் என்று இன்னும் இரண்டு அர்த்தம் சொன்னார்.

உள்ளே கூப்பிட்டார்கள். பதிப்பாசிரியர் அம்மாள் கேட்டது நாலே கேள்வி. வயசு என்ன, எதுவரை படிப்பு, வளர்ந்தது எங்கே, வீட்டில் மனைவியோடு பேசுவது என்ன மொழி.

"சொற்களைப் பற்றி ஏதேனும் வினவுவீர்கள் என்று எதிர்பார்த்தேன், அம்மையீர்," என்றார் புரூஃப் ரீடர், நாலு நாள் ஒத்திகை பார்த்த தமிழில். அந்த வாக்கியம் முடியும்வரை அம்மாளின் பேனா நகரவில்லை.

"தேவையில்லைங்க. உங்க விஷயத்துல எங்களுக்கு முழுத் திருப்தி. சொல்லி அனுப்புறோம்."

முழுத் திருப்தி! படியில் நின்றே மனைவிக்குப் போன் போட்டார்.

"உன் தம்பிகிட்ட நான் நாளைக்கு வரலைன்னு சொல்லிடு."

"ஆர்டரைக் கையில குடுத்துட்டாங்களா?"

"முழுத் திருப்தின்னு சொல்லிட்டாங்க."

"வாயால சொன்னதுக்கா இந்த ஆட்டம்? அவன் இன்னைக்கே வேற ஆளைச் சேர்த்துடுவான். அப்புறம் கால்ல விழுந்தாலும் எடுக்க மாட்டான், பார்த்துக்குங்க."

"சேர்த்துக்கட்டும். டப்பா தூக்குற கையா இது?"

அவள் சொல்லிவிட்டாள். தம்பியும் அரை மணி நேரத்தில் வேறு ஆளைச் சேர்த்துவிட்டான். இந்த மாதிரிக் காரியங்களில் அந்தக் குடும்பம் ரொம்பச் சுறுசுறுப்பு.

கடைசி ஆளும் படியிறங்கிப் போனதும், கண்ணாடிக்காரர் பதிப்பாசிரியர் அறைக்குள் கதவைத் தட்டாமல் போனார். துண்டுச் சீட்டுகளை மேஜையில் அடுக்கி வைத்தார்.

"'சீன்' முடிஞ்சது மேடம். ஏழு அர்த்தம். ஒவ்வொண்ணுக்கும் ஆள் பேசின வாக்கியம் அப்படியே இருக்கு. விளக்கம் எழுதுற வேலையைக்கூட அந்தப் புரூஃப் ரீடரே முடிச்சுக் குடுத்துட்டார்."

"பேசினவங்க வயசு, படிப்பு, ஊர் எல்லாம் நான் வாங்கிட்டேன். அச்சுக்கு அனுப்பிடலாம்."

"அவருக்கு ஏதாவது சொல்லி அனுப்பணுமா மேடம்? ரொம்ப நம்பிக்கையாப் போயிருக்கார்."

அம்மாளின் விரல் மேஜையிலிருந்த சொற்பட்டியலில் ஒரு வரி கீழே இறங்கியது.

"அடுத்த வாரம் 'மாஸ்'. வேலை காலின்னு மறுபடி விளம்பரம் குடுத்துடுங்க."