மேற்கு எல்லை

தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில் மூன்று பிள்ளைகளோடு காலம் தள்ளிய டோரீனுக்கு, வீடு கட்ட ஏழு பேர்ச் நிலமும் அதற்கான காணி உறுதிப் பத்திரமும் கிடைத்தன. உறுதியில் மேற்கு எல்லை ‘மிலானின் வீடு’ என்றிருந்தது. மிலான் அவளுடைய தம்பி. இரண்டு வருடங்களுக்கு முன் மண்சரிவில் வீட்டோடு போனவன். மேற்கே இப்போது வெறும் பள்ளம்தான்.

உறுதியைப் படித்த அன்று வேலையில் மனம் நிற்கவில்லை. பாதியில் விட்டுவிட்டு, பிழையைச் சொல்ல சர்வேயரிடம் ஓடினாள்.

“போன மாசம் அளக்கிறப்ப அந்த மிலான்தானேம்மா கூட நின்னு எல்லையைக் காட்டினாரு? பிழைன்னு எழுதிக் குடுத்தா உறுதியைத் திருப்பி வாங்கிருவாங்க. மாத்தணுமா?”

டோரீன் உறுதியை மடித்துக்கொண்டாள். “வேணாங்க. சரியாத்தான் இருக்கு.”

மறுநாள் காலையில் வேலி போடக் கம்பிச் சுருளோடு போனாள். மேற்கில் மட்டும் புதுக் கம்பி இழுத்துக் கட்டியிருந்தது. முடிச்சுகளெல்லாம் கால் வைக்க இடமில்லாத பள்ளத்துப் பக்கம் இருந்தன.