தண்ணி பைப்பு

மழலையர் வகுப்பின் சன்னல் வெயிலில், மேசைமேல் சிந்திய பசை காய்ந்துகொண்டிருக்கிறது. துப்பாக்கி விளையாட்டே கூடாதென்று டீச்சர் மரக்கட்டைகளைப் பிடுங்கி அலமாரியில் பூட்டியும் பயனில்லை. சுருட்டைமுடிக்காரன் இப்போது விரலையே நீட்டி, "டுமீல்!" என்கிறான்.

"கையில என்னடா அது?"

"தண்ணி பைப்பு டீச்சர். செடிக்கு ஊத்துறேன்."

தரையில் மல்லாந்து கிடக்கும் ரெட்டைச்சடைக்காரி ஒரு கண்ணை மட்டும் திறக்கிறாள். "தண்ணி பட்டு நான் செத்துட்டேன் டீச்சர்."

டீச்சருக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. விரலையும் பிடுங்கிப் பூட்டவா முடியும்? "போதும்! எல்லாரும் அவங்கவங்க இடத்துல உக்காருங்க!" என்று பிள்ளைகளை நோக்கிச் சுட்டுவிரலை நீட்டுகிறாள். கட்டைவிரல் தானாக நிமிர்ந்து நிற்கிறது. வகுப்பு மொத்தமும் கப்சிப்பென்று இரண்டு கைகளையும் மேலே தூக்குகிறது.