மலைக்கிராமத்தில் ஒரு கல்

வோபர்ன் அடுக்குமாடி வீட்டின் சமையலறையில், ஒரே மகளாக வளர்ந்த ஆரணி தேனிலவுக்குத் தேர்ந்தெடுத்த ஆல்ப்ஸ் மலைக்கிராமத்தைக் கைபேசியில் அம்மாவுக்குக் காட்டுகிறாள். பனி மூடிய கூரைகள், ஒடுங்கிய கல்தெரு, ஊசிக் கோபுரத்தோடு சின்னத் தேவாலயம். "ஒருத்தருக்கும் தெரியாத ஊராம் அம்மா. சூப்பர் கியூட், என்ன?" இடியப்பம் பிழிந்துகொண்டிருந்த அம்மா மங்கையற்கரசியின் கைகள் நின்றுவிடுகின்றன. உரலிலிருந்து பாதி இறங்கிய மாவிழைகள் தட்டின் மேல் தொங்கி ஆடுகின்றன. அடுப்பில் ஆவி சீறுகிறது. "சேர்ச்சுக்குப் பின்னால ஒரு கல்தொட்டி இருக்கும். பக்கத்தில இரும்புக் கேற்." ஆரணி சிரித்தபடி அடுத்த படத்தைத் தள்ளுகிறாள். கல்தொட்டி. இரும்புக் கேற். சிரிப்பு முகத்திலேயே உறைகிறது.

"அம்மா, நீங்கள் எப்ப அங்க..."

"அகதியா வரேக்க, ஏஜென்சிக்காரன் எங்களைக் களவாப் போடர் கடத்தேக்க, பனிக்குள்ளால நடந்து வந்த ஊர்." அம்மா கையைத் துடைக்காமலே படத்தைப் பெரிதாக்குகிறாள். கேற் கதவுக்கு அப்பால் கல்லறைச் சிலுவைகள். கடைசி மூலையில், பெயர் இல்லாத ஒரு சிறிய கல். அதன் மேல் அவள் விரலை வைக்கிறாள். கைபேசிக் கண்ணாடியில் மா ஒட்டுகிறது. "உன்ர அக்காவைப் புதைக்கேக்க இதில வெறும் மண்தான் பிள்ளை. ஆரோ கல்லு வைச்சிருக்கினம்."