சுண்ணாம்புக் கோட்டில் ஒரு வீடு

எருமப்பட்டிக்கு வெளியே, மக்காச்சோளக் காட்டை ஒட்டிய மூன்று சென்ட் மனையில் காலை வெயில் பளீரென்று விழுந்து கிடக்கிறது. அரசாங்க வரைபடத்தில் இது விவசாய நிலம் என்று இருந்ததால், ஆறு வருடமாக இங்கே ஒரு செங்கல்கூட வைக்க முடியவில்லை. மூன்று முறை திரும்பி வந்த மனு நேற்றுதான் தேறியது. குடியிருப்பு மனையாக மாற்றிய உத்தரவும், வீடு கட்டும் அனுமதியும், முத்திரை குத்திய பிளானும் ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் பூங்கொடியின் கக்கத்தில் இருக்கின்றன. மேஸ்திரி சுண்ணாம்புப் பொடியால் அறைகளுக்குக் கோடு போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார். வீடு எழும்பும்வரை பூங்கொடிக்குப் பொறுக்கவில்லை. செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு, சமையலறைக் கோட்டுக்குள் நின்று, இல்லாத ஜன்னலைக் கையால் திறந்து பார்க்கிறாள். லாரி ஓட்டும் அவள் கணவர் ஜெகதீஸ்வரன் தண்ணீர்க் குடத்தோடு கோட்டுக்குக் குறுக்கே நடந்து வருகிறார்.

“ஏனுங்க! செவுத்து மேல ஏறியா வருவீங்க? வாசல் வழியா வாங்க!”

தூக்கிய கால் அப்படியே நிற்கிறது. “அட, ஆமாம் புள்ள,” என்று சிரித்தபடி அவர் பின்வாங்குகிறார். விதிப்படி பக்கத்தில் விட்ட வெற்றிடத்தில் சுற்றி நடந்து, முன்பக்கம் வாசலுக்காகக் கோடு போடாமல் விட்ட இடத்துக்கு வந்து செருப்பைக் கழற்றுகிறார். வாடகை வீட்டு வாசல்நிலையில் இடித்து இடித்துப் பழகிய தலை, தானாகக் குனிகிறது.

“நிமுந்தே வாங்க,” என்கிறாள் பூங்கொடி, உறையைத் தட்டிக் காட்டி. “நம்மூட்டு வாசல் ஏழடிங்க.”