பினாங்கு ஜப்தி

"பினாங்கு கோர்ட்டுத் தீர்ப்பு சேந்தமங்கலம் வரைக்கும் செல்லுங்களா?"

வாசற்படியில் நின்று ராமாத்தாள் கேட்டாள். பதில் சொல்ல வேண்டிய கோர்ட்டு அமீனா, தலைப்பாகைத் துணியை மூக்குவரை இழுத்துச் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார். அவர் ஜப்திக்குக் கிளம்பினால் ஆட்டுரல்கூடத் தானாக உருண்டு வந்து வண்டி ஏறும் என்பது சேலத்துப் பேச்சு. அப்பேர்ப்பட்டவருக்கு இன்று படியேறக் கால் கூசியது.

"ஐயாவுக்குத் தொண்டை கட்டியிருக்கும்மா" என்று அவருடைய டவாலிச் சேவகன் உசேன் முன்னால் வந்தான். அவளுடைய அண்ணன் கண்ணுசாமி பினாங்கிலிருந்து கப்பலேறும்போது முதலாளியின் கிராமபோன் பெட்டியையும் தூக்கி வந்துவிட்டதையும், திருப்பிக் கொடு என்று அந்த ஊர்க் கோர்ட்டு சொன்னதையும், அந்தத் தீர்ப்பைக் காட்டி முதலாளி சேலத்தில் வழக்காடி ஜப்தி உத்தரவு வாங்கியதையும் தெருவே கேட்க விளக்கினான்.

"சர்க்காருக்குக் கடலெல்லாம் வாய்க்கால் மாதிரி. எந்தச் சீமைக்கு ஓடினாலும் விடமாட்டோம்."

"அப்படீங்களா?" ராமாத்தாள் அமீனாவையே பார்த்தாள். "தாலி கட்டுன ஆறாம் மாசம், சந்தைக்குப் போறேன்னு போன மனுசனையும் புடிச்சுத் தருவீங்களா?"

தெரு சிரித்தது. அமீனா குனிந்த தலை நிமிரவில்லை. வெறுங்கையோடு திரும்பினால் உத்தியோகம் போகும். உள்ளே போனால் மானம் போகும். எதை விடலாம் என்று அவர் தவித்துக்கொண்டிருக்கையில், அவளே பெட்டியைச் சுமந்து வந்து அவர் காலடியில் வைத்தாள்.

"அண்ணன் காட்டு வேலைக்குப் போயிருக்குதுங்க. அடுத்தவங்க சொத்து நமக்கெதுக்குங்க?"

ஒப்படைத்தவள் இன்னார் பெண்சாதி என்று எழுதியாக வேண்டும். உசேன் அவள் புருஷன் பேரைக் கேட்டான். கட்டியவன் பேரை வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று நினைக்கிற ஊர் அது. ஓடிப்போனவனுக்கும் அந்தச் சலுகை உண்டு.

"முன்பாதி, கோயில்ல பூசாரி உள்ளங்கையில ஊத்துவாருங்களே, அது. பின்பாதி, அந்தா நிக்குது பாருங்க." கொல்லிமலையைக் காட்டினாள்.

"தீர்த்தமலையா?"

"அது பள்ளிக்கூடம் போகாதவங்க சொல்றதுங்க. படிச்சவங்க மலைக்கு வேற பேர் சொல்லுவாங்களே."

எழுதிக்கொண்டு வந்த உசேனின் கை நின்றது. அமீனாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, காகிதத்தை அவரிடம் நீட்டினான்.

"தொண்டைக்குச் சுக்குத்தண்ணி வெச்சுத் தரட்டுங்களா?" என்றாள் ராமாத்தாள்.

'தீர்த்தகிரி பெண்சாதி ராமாத்தாள்' என்றிருந்த வரிக்குக் கீழே, அமீனா தன் கையெழுத்தைப் போட்டார்: தீர்த்தகிரி.