ஆறாவது நாளாக அதே சுவர்

துப்பாக்கிச்சூட்டுக்கு மறுநாளிலிருந்து பெயிண்டர் ஒரே சுவருக்குத்தான் வெள்ளையடிக்கிறார். இரண்டு கோட் அடித்தாலும், விடிந்தால் ‘சுட்டது யார்?’ என்ற கறுப்பு எழுத்துகள் மேலே வந்துவிடுகின்றன. இடப்பக்கம் சாயும் அந்தக் கையெழுத்து, அன்று செத்துப்போன அவர் மகளுடையது.

சுடச்சொன்ன அதிகாரி அந்தச் சுவரிலேயே முதுகைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார். "செத்தும் உயிர வாங்குறாளேய்யா உன் பொண்ணு! நாளைக்கும் இது தெரிஞ்சா, அவ போன எடத்துக்கு உன்னையும் அனுப்பிருவேன்."

பெயிண்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவ கேட்டதுக்கு மொதல்ல பதில் சொல்லுங்க சார்!"

"பெரிய கலெக்டரு இவரு, கேள்வி கேக்குறாரு. வேலையப் பாருய்யா."

அதிகாரி கடைத்தெருக் கூட்டத்துக்குள் நடந்தார். அவருடைய வெள்ளைச் சட்டையின் முதுகில், இடப்பக்கம் சாய்ந்த கறுப்பு எழுத்தில், ‘இவன்தான்’ என்று இருந்தது.

பெயிண்டர் அவரைக் கூப்பிடவில்லை. சுண்ணாம்பு வாளியைக் காலால் எட்டி உதைத்தார்.