மலிவான பாலம்

“மூணரை சதவீதமா? அநியாயம்! நான் குடுக்க மாட்டேன்” என்றாள் நோல்வென், கணினித் திரையைப் பார்த்து.

அவள் பிடரியில் அழுத்திக்கொண்டிருந்த துப்பாக்கி ஒரு கணம் தளர்ந்தது. பார்சல் கொடுக்கிற ஆள்போல மழையோடு வந்து மணி அடித்தவன், இப்படி ஒரு பெண்ணை எதிர்பார்க்கவில்லை.

“நோல், உனக்குப் பைத்தியமா?” ஹீட்டர் குழாயோடு கைகள் கட்டப்பட்டுத் தரையில் கிடந்த அவள் கணவன் மாலோ கத்தினான். “உயிர் போற நேரத்துல கமிஷன் கணக்குப் பாக்குற! எல்லாத்தையும் அனுப்பித் தொலை!”

“நீ சும்மா இரு. சேத்தவளுக்குத்தான் வலி தெரியும்.”

வந்தவன் மாலோவைக் கட்டிப்போட்ட கையோடு, புழுக்கமென்று முகமூடியைக் கழற்றி மேசையில் எறிந்திருந்தான். நோல்வென் அந்த முகத்தை ஒரே ஒருமுறைதான் பார்த்தாள். முகத்தைக் காட்டியவன் சாட்சியை விட்டுவைக்கப் போவதில்லை என்று அப்போதே அவளுக்குப் புரிந்துபோனது.

“எதுக்கு அவ்வளவு போகுது?” என்றான் அவன்.

“எங்க ஈதர், அதான் இந்தக் கிரிப்டோ காசு, இருக்கிறது ஒரு கிளை பிளாக்செயின்ல. நீங்க கேக்கிறது மெயின் பிளாக்செயின்ல. இங்கேருந்து அங்க போக ஒரு பாலம் வேணும். பாலம் நடத்துற தனியார் கம்பெனி, அந்தப் பக்கம் தன் கைக்காசைக் குடுத்துட்டு இந்தப் பக்கம் நம்மளோடத எடுத்துக்கும். அதுக்குக் கமிஷன். நம்ம தொகை பெருசு, அவங்க கையிருப்பு சிறுசு. அதனால விலையும் அடிவாங்கும். நெட்வொர்க் கட்டணம் வேற. எல்லாம் சேத்தா ஒரு புதுக் கார் போச்சு.”

“வேற வழி இல்லையா?”

“அந்தக் கிளையோட சொந்தப் பாலம் ஒண்ணு இருக்கு. கமிஷன் கிடையாது, விலையும் குறையாது. நெட்வொர்க் கட்டணம் மட்டும்தான். ரெண்டு பேர் துறைமுகத்துல சிப்பி சாப்பிடுற காசு.”

“எது சீக்கிரமோ அதுல அனுப்பு, நோல்!” என்று கெஞ்சினான் மாலோ.

வந்தவன் அவன் விலாவில் ஓர் உதை விட்டான். “பொண்டாட்டிக்கு இருக்கிற அறிவு உனக்கு இல்லையேடா. கார் எவனுக்கோ எதுக்குப் போகணும்? மேடம், நீங்க மலிவானதுலயே போடுங்க.”

தன் முகவரியை எழுத்தெழுத்தாகச் சொல்லி, அவள் அடித்ததை இரண்டு முறை சரிபார்த்தான். திரையில் வந்த எச்சரிக்கைகளுக்கெல்லாம் அவள் மளமளவென்று டிக் போட்டுத் தள்ளினாள். அவன் கண் கட்டணத் தொகையை விட்டு நகரவே இல்லை. “அட, இவ்வளவுதானா!” என்று சிரித்தான்.

கடைசிப் பொத்தானில் அவள் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு அழுத்தினாள். இருப்பு பூஜ்யமானது.

அவன் தன் போனைப் பார்த்தான். மறுபடி பார்த்தான். ஜன்னல் கதவுகளில் லோரியான் நகரத்து மழை அறைந்துகொண்டிருந்தது.

“எங்கே?”

“கிளம்பிடுச்சு. போய்ச் சேர ஏழு நாள் ஆகும்.”

துப்பாக்கி பிடரியிலிருந்து நெற்றிக்கு வந்தது. நோல்வென் நாற்காலியை விட்டு அசையவில்லை.

“அந்தப் பாலத்துல யாரும் நமக்காக முன்பணம் போட மாட்டாங்க. கணக்குல தப்பிருந்தா ஆட்சேபிக்க ஒரு வாரம் விடுவாங்க. அதான் மலிவு. இனிமே நானே நினைச்சாலும் திருப்ப முடியாது.”

“ஏமாத்திட்டியாடீ!”

மாலோ கண்களை இறுக மூடிக்கொண்டான்.

“சுடுங்க” என்றாள் அவள். “ஆனா ஏழாம் நாள் அந்தப் பக்கம் நான் கையெழுத்துப் போட்டாத்தான் காசு உங்க கைக்கு வரும். என் விரலும் என் பாஸ்வேர்டும் இல்லாம நடக்காது. என் புருஷனுக்கு ஏதாவது ஆச்சுன்னா, சத்தியமா போட மாட்டேன்.”

அவன் வாசலைப் பார்த்தான். மாலோவைப் பார்த்தான். ஒற்றை ஆளாக இரண்டு பேரை ஒரு வாரம் அடைத்துவைத்துக் காவல் காக்க முடியாது என்பது அவனுக்கே தெரிந்தது.

“ஏழாம் நாள் வருவேன்” என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு. “அதுக்குள்ள போலீஸ் வாசனை அடிச்சுதோ, அப்புறம் காசும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.”

முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியேறினான். வேன் தெருமுனை திரும்பும்வரை இருவரும் மூச்சுவிடவில்லை.

சமையலறைக் கத்தரிக்கோலால் அவள் கயிற்றை வெட்டினாள். மாலோ அவளைக் கட்டிக்கொண்டு விம்மினான்.

“உடனே போலீஸைக் கூப்பிடலாம், நோல். எங்கயாவது ஒளிஞ்சுக்கலாம். நீ மட்டும் அந்தக் கையெழுத்தைப் போட்டுடாதே. நம்ம காசாவது மிஞ்சும்.”

அவள் போய்க் கதவின் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, அதன்மேலேயே சாய்ந்து நின்றாள்.

“என் கையெழுத்துதான் வேணும்னு சொன்னது பொய். அதை அவனே போட்டுக்கலாம், மாலோ.”